ஸ்டெப்னி எம்.எல்.ஏ.

தேர்தலில் நிற்கிற ஒவ்வொருவருக்கும் பின்னால் இன்னொருவர் நிற்பார். அவருக்கு மாற்று வேட்பாளர் என்று பெயர். முதல் ஆளின் மனு தள்ளுபடியானால் கட்சியின் சின்னம் அவருக்குப் போகும். தள்ளுபடி ஆகாவிட்டால், வாபஸ் வாங்கும் கடைசி நாளில் தேர்தல் அலுவலகத்துக்குப் போய் ஒரு கையெழுத்தைப் போட்டுவிட்டு, வந்த வழியே வீட்டுக்குத் திரும்ப வேண்டும். சாதாரணமாக இந்த வேலைக்கு மனைவியையோ மச்சானையோ போடுவார்கள். நம் எம்.எல்.ஏ.வுக்கு மனைவி மேல் மதிப்பில்லை, மச்சான்கள் மேல் நம்பிக்கையில்லை. அதனால் நான்கு தேர்தல்களிலும் தன் உதவியாளரைத்தான் போட்டார்.

உதவியாளனுக்கு அவர் வைத்த பெயர் ஸ்டெப்னி. இரண்டாவது தேர்தலில் வாபஸ் வாங்கிவிட்டுத் திரும்பும்போது காரில் வைத்துச் சூட்டினார். "டிக்கியில கெடக்கும், காத்து அடிச்சு வச்சிருப்போம், ஆனா ரோட்டுல உருட்டமாட்டோம்" என்றார். காரில் இருந்தவர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். சிரிக்காமல் இருந்தால் ரோஷக்காரன் என்று ஆகிவிடும், ரோஷக்காரனுக்கு அந்தக் காரில் இடமில்லை. அதனால் அவனும் சிரித்தான். சாயங்காலத்துக்குள் பெயர் தொகுதி முழுக்கப் பரவிவிட்டது. மறுநாள் பால் வாங்கப் போன அவன் மனைவியை, "ஸ்டெப்னி வீட்டம்மா, உங்களுக்கு எவ்வளவு?" என்று பால்காரர் மரியாதையாகவே கேட்டார்.

தலைவர் எதையும் படிக்கமாட்டார். எல்லாரும் அவரைத் தலைவர் என்றுதான் சொல்வார்கள், நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். படிக்காததில் அவருக்குப் பெருமைகூட உண்டு. ஒரு நாளைக்கு நூறு கடிதம் கையெழுத்தாகும். வேலைக்குச் சிபாரிசு, பள்ளிக்கூடத்தில் இடம், இடமாற்றம், ஆஸ்பத்திரிப் படுக்கை என்று எல்லாம் வரும். கையெழுத்து விழவேண்டிய இடத்தில் ஸ்டெப்னி பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டு வைப்பான். தலைவர் போனில் யாரையாவது திட்டிக்கொண்டே குறி இருக்கிற இடத்தில் பேனாவை இழுப்பார். குறி இல்லாத இடம் அவர் கண்ணுக்கு வெறும் காகிதம். பிறகு ஸ்டெப்னி உட்கார்ந்து அத்தனை குறிகளையும் அழிப்பான். பின்முனையில் ரப்பர் வைத்த துண்டுப் பென்சில் ஒன்று அவன் சட்டைப் பையில் எப்போதும் இருக்கும்.

சாவு வீட்டுக்கும் இதே மாதிரி ஓர் ஏற்பாடு உண்டு. தொகுதியில் ஒரு சாவையும் தலைவர் விடமாட்டார். அவரை நான்கு முறை ஜெயிக்க வைத்தது அதுதான் என்று எதிர்க்கட்சிக்காரர்களே வயிற்றெரிச்சலோடு ஒப்புக்கொள்வார்கள். கார் தெருமுனையில் திரும்பும்போது ஸ்டெப்னி ஒரு துண்டுச் சீட்டை நீட்டுவான். இறந்தது யார், என்ன வயது, யாருக்கு என்ன முறை, கட்டிப்பிடிக்க வேண்டியது யாரை. அவர் தன் வாழ்நாளில் அக்கறையாகப் படித்த எழுத்து அந்தச் சீட்டு ஒன்றுதான். படித்துவிட்டு இறங்கிப் போய் அப்படியே உருகுவார். துக்கத்தில் இருப்பவர்கள் இவருக்கு ஆறுதல் சொல்ல வேண்டியதாகிவிடும்.

எல்லாம் ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது, ஸ்டெப்னியின் மனைவிக்கு இதயத்தில் வால்வு கெடும்வரை. அந்த அறுவைச் சிகிச்சைக்கான இயந்திரம் தலைநகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் மட்டும்தான் இருந்தது. எவ்வளவு வசதி படைத்தவனானாலும் அங்கேதான் வரிசையில் நிற்க வேண்டும், வரிசை எட்டு மாதம் நீளும். ஆனால் ஒவ்வொரு சட்டமன்ற உறுப்பினருக்கும் மாதத்துக்கு ஒரு படுக்கை ஒதுக்கியிருந்தார்கள். அவர் கடிதம் கொடுத்தால் மறுநாளே சேர்த்துக்கொள்வார்கள். இருபது வருடமாக அந்தக் கடிதத்தை ஊராருக்கெல்லாம் அடித்துக் கொடுத்தவன் ஸ்டெப்னி. முதல்முறையாகத் தன் வீட்டுக்கு ஒன்று அடித்தான். வாய்விட்டுக் கேட்க அவனுக்குக் கூச்சம். குறியைப் போட்டு, கட்டின் நடுவில் வைத்துவிட்டான்.

தலைவர் அன்றைக்கென்று பார்த்துப் படித்தார்.

"யாரு, உன் வீட்டுக்காரியா?"

"ஆமா தலைவரே."

"வாயத் தொறந்து கேக்க வேண்டியதுதானே. கட்டுக்குள்ள செருகி வச்சா என்ன அர்த்தம்? இத்தன வருசத்துல இன்னும் என்னென்ன செருகியிருக்க?"

தலைவர் கடிதத்தை உருவி மேசை இழுப்பறையில் போட்டார்.

"இந்த மாசப் படுக்கை மில் யூனியன் செயலாளரோட மாமனாருக்குச் சொல்லியாச்சு. அங்க அறுநூறு ஓட்டு இருக்கு. தேர்தல் முடியட்டும், பாத்துக்கலாம்."

வீட்டில் ஸ்டெப்னியின் மனைவி ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருந்தாள். நான்கு தலையணை அடுக்கி உட்கார்ந்தபடிதான் தூங்க முடிந்தது. தலைவரின் மனைவி தினமும் வந்தாள். கட்சியில் எல்லாருக்கும் அவள் அண்ணி. இவனை ஸ்டெப்னி என்று கூப்பிடாத ஒரே ஆளும் அவள்தான், "தம்பி" என்பாள். தன் கைப்பையில் இருந்து சீப்பை எடுத்து, நோயாளியின் தலையைச் சிக்கெடுத்துப் பின்னிவிடுவாள். புருஷனிடம் இரண்டு முறை படுக்கையைப் பற்றிக் கேட்டாள். "நீ அடுப்பப் பாரு" என்று பதில் வந்தது. கடிதம் இழுப்பறைக்குப் போன பத்தொன்பதாம் நாள் மத்தியானம், பாதி பின்னிய தலையோடு, அண்ணியின் மடியிலேயே அவள் போய்ச் சேர்ந்தாள்.

தலைவர் வந்தார். கூட்டம் வழிவிட்டது. ஸ்டெப்னி சாவு வீட்டுக்காரனாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். காரில் சீட்டு எழுதிக் கொடுக்க ஆள் இல்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. தலைவர் வழக்கம்போல் அவனைக் கட்டிப்பிடித்தார், வழக்கம்போல் குரல் தழுதழுத்தது.

"அம்மாவ இழந்துட்டு நிக்கிற வலி எனக்குத் தெரியும்யா. பெத்தவளுக்கு ஈடு உலகத்துல எதுவும் இல்ல. மனசத் தேத்திக்க."

ஒருவரும் திருத்தவில்லை. தலைவரைத் திருத்துகிற வழக்கம் அந்தத் தொகுதியில் கிடையாது. ஸ்டெப்னியின் அம்மா இறந்து பன்னிரண்டு வருடமாகியிருந்தது. அதற்கும் தலைவர் வந்திருந்தார். மனைவியின் உடலுக்குப் பக்கத்தில் நின்று அவன், "சரிங்க தலைவரே" என்றான். அந்த நிமிஷத்தில் அவனுக்குள் ஏதோ ஒன்று கெட்டியாக உறைந்துபோனது. இந்த வாக்கியத்தை, அப்படியே, இந்த ஆளுக்கே திருப்பிச் சொல்ல வேண்டும். அதற்குமேல் அவனுக்கு வாழ்க்கையில் ஆசை என்று ஒன்றும் மிச்சமில்லை.

நாற்பது நாள் கழித்து ஐந்தாவது தேர்தலுக்கு மனுத் தாக்கல். இரண்டு மனுக்களையும், இரண்டு பிரமாணப் பத்திரங்களையும் ஸ்டெப்னிதான் பூர்த்தி செய்தான். ஆளுக்குப் பதினாறு பக்கம், ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வேண்டும். மனைவி போன பிறகு அவனுக்கு எழுத்துகள் கண்முன் கலைந்து கலைந்து கூடின. தலைவரின் பதினோராம் பக்கத்தில் குறி போட விட்டுப்போயிற்று. அது தவறுதான், சத்தியமாகத் தவறுதான். தலைவர் பதினைந்து இடத்தில் கையெழுத்துப் போட்டார். வக்கீல் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். மற்றதை ஸ்டெப்னி பார்த்திருப்பான் என்பது எல்லாருக்கும் பழகிப்போன நம்பிக்கை.

கடைசி நாள் கடைசி மணி நேரத்தில் ஊர்வலமாகப் போய் மனுக் கொடுப்பதுதான் தலைவருக்குப் பிடிக்கும். காரின் முன்சீட்டில் உட்கார்ந்து, அழிக்காமல் விட்ட குறி ஏதாவது இருக்கிறதா என்று ஸ்டெப்னி பக்கங்களைப் புரட்டினான். பதினோராம் பக்கம் வெறுமையாக இருந்தது. பேனாவோடு பின்சீட்டுக்கு நீட்டினால் இரண்டு விநாடி வேலை. பின்னால் தலைவர் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார், "ஸ்டெப்னி இந்தத் தடவ கொஞ்சம் காத்து எறங்கித்தான் இருக்கான்." கார் குலுங்கச் சிரித்தார்கள். ஸ்டெப்னி பக்கத்தைத் திருப்பினான். கோப்பை மூடி, மடியில் வைத்து, அதன் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டான்.

பரிசீலனையில் எதிர்க்கட்சி வக்கீல் பதினோராம் பக்கத்தைத் தூக்கிக் காட்டினார். தேர்தல் அதிகாரி சட்டத்தைப் புரட்டினார், பிறகு இன்னொரு முறை புரட்டினார். தலைவரின் மனு தள்ளுபடி. மாற்று வேட்பாளரின் பதினாறு பக்கமும் சரியாக இருந்தது.

கழிப்பறையில் தலைவர் அவன் சட்டையைப் பிடித்தார்.

"வேணும்னே விட்டியா?"

"குறி போட மறந்துட்டேன் தலைவரே. வீட்டுல துக்கம் நடந்ததுல புத்தி சரியில்ல. அம்மா போனதுல இருந்தே இப்படித்தான்."

தலைவருக்கு ஒன்றும் புரியவில்லை. சட்டையை விட்டுவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே போய், "என் தம்பி மாதிரி, நான் ஜெயிச்சா என்ன, அவன் ஜெயிச்சா என்ன" என்று பேட்டி கொடுத்தார். திறந்த ஜீப்பில் பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு, தெருத்தெருவாக, "நம்ம ஸ்டெப்னிக்கு ஒரு ஓட்டுப் போடுங்க" என்று மைக்கில் கேட்டார். ஜனங்களுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டே குத்தினார்கள். தலைவர் ஒருமுறைகூட வாங்காத வித்தியாசத்தில் ஸ்டெப்னி ஜெயித்தான்.

இனிமேல் ஜெயித்தார் என்றுதான் சொல்ல வேண்டும். எம்.எல்.ஏ. ஆகிவிட்டாரே. முதல் வாரம் தினமும் காலையில் தலைவர் வீட்டுக்குப் போய் நின்றார். இரண்டாவது வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள். மூன்றாவது வாரம் தலைவர் ஆள் அனுப்பினார், எம்.எல்.ஏ. மீட்டிங்கில் இருப்பதாகப் பதில் போயிற்று. மேலிடமும் ஜெயித்தவன் பக்கம் சாய்ந்தது. ஆறு மாதத்தில் பத்திரிகைகள் தலைவரை மாஜி என்று எழுதத் தொடங்கின. பிறகு எல்லார் வாயிலும் அதுவே பெயராக நின்றுவிட்டது.

அலுவலகத்துக்கு ஓய்வுபெற்ற டைப்பிஸ்ட் அம்மா ஒருவரை வேலைக்கு வைத்துக்கொண்டார். மேசையில் பென்சிலே இருக்கக்கூடாது என்பது முதல் உத்தரவு. புதிய எம்.எல்.ஏ. ஒவ்வொரு கடிதத்தையும் தலைப்பிலிருந்து தேதிவரை படித்த பிறகுதான் கையெழுத்துப் போடுவார். "படிக்கிற எம்.எல்.ஏ. கெடைச்சிருக்காரு" என்று தொகுதியில் பெருமையாகச் சொன்னார்கள்.

இரண்டரை வருடம் போயிற்று. ஒரு திங்கட்கிழமை காலை டைப்பிஸ்ட் அம்மா உள்ளே வந்து, "மாஜி வந்திருக்காரு சார். டோக்கன் முப்பத்தி ஏழு" என்றார்.

"வரிசையில வரட்டும்."

கதவு இடுக்கு வழியாகப் பார்த்தார். மனுக் கொடுக்க வருகிறவர்கள் உட்காரும் பெஞ்சில், ஒரு கால் உடைந்து செங்கல் முட்டுக் கொடுத்த பக்கத்தில், மாஜி உட்கார்ந்திருந்தார். சட்டை கசங்கியிருந்தது. முப்பத்தேழு வருவதற்குப் பன்னிரண்டு மணியாயிற்று. உள்ளே வந்தவர் உட்காராமல் இரண்டு கைகளாலும் ஒரு காகிதத்தை நீட்டினார்.

"சார், உங்க அண்ணிக்கு வால்வு கெட்டுப்போச்சு. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். எம்.எல்.ஏ. லெட்டர் கொண்டாங்கன்னு சொல்லிட்டாங்க. நானே எழுதிக் கொண்டாந்திருக்கேன்."

கோணல்மாணலான கையெழுத்து. இருபது வருடத்தில் அந்த மனிதர் தானாக எழுதிய முதல் கடிதமாக இருக்கும். அடியில், கையெழுத்து விழவேண்டிய இடத்தில், பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தார். கடிதம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தாரோ என்னவோ.

எம்.எல்.ஏ. முழுவதும் படித்தார். அண்ணியின் வயதைக் கூடப் படித்தார். அந்த மாதப் படுக்கையை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. பேனா கையில்தான் இருந்தது.

"கூட்டத்தொடர் முடியட்டும் தலைவரே. பாத்துக்கலாம்" என்றார்.

மாஜியின் முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று உற்றுப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. "சரிங்க சார்" என்று கும்பிட்டுவிட்டு அவர் போய்விட்டார்.

அண்ணியைக் கொல்ல வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. அதை நம்புங்கள், அவரும் அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தார். அவர் கணக்குப் போட்டது நாளைத்தான். தன் வீட்டில் பத்தொன்பது நாள் ஒருத்தி மூச்சுக்குத் தவித்தாள். அந்தப் பத்தொன்பது நாளை மாஜியும் ஜன்னலோரக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து முழுசாக அனுபவிக்கட்டும். இருபதாம் நாள் காலையில் தானே காரில் போய், கையெழுத்துப் போட்ட கடிதத்தைக் கொடுத்து, அண்ணியைத் தானே கூட்டிக்கொண்டு போய்ச் சேர்க்க வேண்டும். டைப்பிஸ்ட் அம்மா கண்ணில் படாமல் இருக்கக் கடிதத்தை நாலாக மடித்துத் தன் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டார். சட்டை மாற்றும்போதெல்லாம் அதையும் மாற்றி வைத்தார். கூட்டத்தொடரில் எழுந்து, கிராமப்புற மருத்துவ வசதி பற்றி இருபது நிமிஷம் பேசினார். பேச்சு நன்றாக இருந்ததென்று அமைச்சரே கைகொடுத்தார்.

பதினேழாம் நாள் காலை டைப்பிஸ்ட் அம்மா போனை வைத்துவிட்டு, "மாஜி வீட்டம்மா தவறிட்டாங்களாம் சார்" என்றார்.

இன்னும் மூன்று நாள் இருக்கிறதே என்றுதான் அவருக்கு முதலில் தோன்றியது. ஆனால் கார் கிளம்பி, தெருமுனை வந்து, டைப்பிஸ்ட் அம்மா துண்டுச் சீட்டை நீட்டியபோது, இரண்டரை வருடமாக உள்ளே உறைந்து கிடந்தது அசைந்து கொடுத்தது. சீட்டில் சரியாகத்தான் எழுதியிருந்தது. இறந்தது மனைவி. கட்டிப்பிடிக்க வேண்டியது மாஜியை. வாசலில் நாற்காலிகள் போட்டிருந்தன, பத்திரிகைக்காரர்கள் கேமராவோடு நின்றார்கள். கூட்டம் வழிவிட்டது.

அவர் மாஜியின் முன்னால் போய் நின்றார். வாக்கியம் தொண்டையில் தயாராக இருந்தது.

"அம்மாவ இழந்துட்டு நிக்கிற வலி எனக்குத் தெரியும் தலைவரே. பெத்தவளுக்கு ஈடு உலகத்துல எதுவும் இல்ல. மனசத் தேத்திக்கங்க."

சுற்றி நின்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். மாஜி நிமிர்ந்து பார்த்தார். அழுது சிவந்த கண்கள். அந்தக் கண்களில் கோபம் வரும், அவமானம் வரும், ஞாபகம் வரும் என்று இவர் காத்திருந்தார்.

"அம்மா இல்லப்பா" என்றார் மாஜி மெதுவாக. "உங்க அண்ணி. பரவாயில்ல விடு, சீட்டு எழுதுனவங்க மாத்தி எழுதியிருப்பாங்க. எனக்கும் ஒரு தடவ அப்படி ஆயிருக்கு. எந்த வீட்டுலன்னுதான் ஞாபகம் வரல."

எம்.எல்.ஏ.வின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று.

"கூட்டத்தொடர் முடிஞ்சிடுச்சா?" மாஜி வெள்ளையாகத்தான் கேட்டார். "நேத்துவர உங்க அண்ணி பெட்டியக் கட்டி வாசல்லயே வச்சிருந்தா. நான்தான் பயந்துட்டு இருந்தேன். 'லெட்டர் தம்பி கைக்குப் போயிடுச்சுல்ல, அப்புறம் என்ன? பொண்டாட்டி பட்ட பாட்டப் பாத்தவன், அவன் ஒருத்தரையும் காக்க வைக்கமாட்டான்'னு எனக்கே தைரியம் சொல்லிட்டு இருந்தா."

கதவோரம் நீலநிறப் பெட்டி ஒன்று நின்றது. அதன் மேல் ஒரு கைப்பை. கைப்பையின் வாய் மூடவில்லை, உள்ளே சீப்பு தெரிந்தது. அந்தச் சீப்பை அவனுக்குத் தெரியும். அதன் பல்லில் சிக்கிய நரைமுடியை எடுத்து, "பாரு தம்பி, உன் கவலையில இவளுக்கு நரைக்குது" என்று அண்ணி சிரித்ததும் தெரியும். இந்த இடத்தில் அவரை அவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மாஜி எழுந்து அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். தோளில் முகம் புதைத்து, பெரிய உடம்பு குலுங்கக் குலுங்க அழுதார். இரண்டு நெஞ்சுக்கும் நடுவில், சட்டைப் பையில், மடித்த கடிதம் கசங்கும் சத்தம் அவனுக்கு மட்டும் கேட்டது. அவனும் அழுதான். கேமராக்கள் நெருங்கி வந்தன.

மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் அந்தப் படம் முதல் பக்கத்தில் வந்தது. டைப்பிஸ்ட் அம்மா அதைக் கத்தரித்து மேசையில் கொண்டுவந்து வைத்தார்.

"நல்லா வந்திருக்கு சார். ரெண்டு பேரும் பகைன்னு பேசினவங்க வாயெல்லாம் அடைஞ்சு போச்சு. தேர்தலுக்குப் போஸ்டர் அடிச்சா இதையே வச்சுக்கலாமா?"

அவன் படத்தை ஒரு மூலை விடாமல் பார்த்தான். அவனுடைய சட்டைப் பைக்கு மேலே, மாஜியின் தோளுக்குக் கீழே, வெள்ளையாகக் காகிதத்தின் ஒரு முனை நீட்டிக்கொண்டு தெரிந்தது.

"வச்சுக்குங்க" என்றான்.

அடுத்த தேர்தலில் தொகுதியின் சுவரெல்லாம் அந்தப் படம்தான் ஒட்டியிருந்தது. முன்பைவிட நாலாயிரம் ஓட்டு அதிகமாக வாங்கி ஜெயித்தான்.